தகப்பன் தெரிந்தால் ஓட்டம் புரியும்: இரண்டு வயதுக் குதிரை ஏலத்தில் குட்டியை மதிப்பிடும் வழி

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஒகாலா நகரில் மார்ச், ஏப்ரல், ஜூன் மாதங்களிலும், மேரிலாந்தின் டிமோனியத்தில் மே மாதத்திலும் இரண்டு வயதுக் குதிரைகளின் ஏலம் நடக்கிறது. அங்கே வரும் குட்டிகளில் அநேகமாக எதுவும் பந்தயத்தில் ஓடியிருக்காது. சேணம் போட்டு, ஆள் ஏற்றி, ஓடப் பழக்கியிருப்பார்கள். ஏலத்துக்கு முந்தைய நாட்களில் ஒவ்வொன்றையும் ஒரு ஃபர்லாங்கோ (சுமார் 200 மீட்டர்) இரண்டு ஃபர்லாங்கோ முழு வேகத்தில் ஓடவிட்டு நேரத்தை அறிவிப்பார்கள். இந்த ஓட்டத்துக்கு பிரீஸ் என்று பெயர். வாங்க வந்தவரிடம் இருப்பவை அந்த நேரம், கண்முன் நிற்கும் உடல், கேட்டலாக்கில் அச்சிட்ட வம்சப் பக்கம் ஆகிய மூன்றுதான்.

எல்லாரும் முதலில் நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். 2006 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் கால்டர் மைதானத்தில் 'தி கிரீன் மங்கி' என்ற குட்டி ஒரு ஃபர்லாங்கை 9.8 வினாடியில் கடந்தது; ஏலத்தில் 1.6 கோடி டாலருக்குப் போனது. பிறகு மூன்றே பந்தயங்களில் ஓடியது, ஒன்றிலும் வெல்லவில்லை. அதன் தகப்பன் ஃபாரஸ்ட்ரி, ஸ்டார்ம் கேட்டின் மகன், 1999இல் 7 ஃபர்லாங் கிங்ஸ் பிஷப் பந்தயத்தை வென்ற வேகக்காரன். அப்படிப்பட்ட தகப்பனின் குட்டி 200 மீட்டரைப் பறந்து கடப்பதில் புதிய செய்தி எதுவும் இல்லை. தகப்பன் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத்தான் கடிகாரம் திரும்பச் சொன்னது. தாமதமாக முதிரும் வம்சத்துக் குட்டி ஏப்ரலில் 10 வினாடியில் ஓடினால் அங்கே செய்தி இருக்கிறது. ஆகவே, தகப்பனிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு குட்டி அதைவிட மேலா கீழா என்று பாருங்கள்.

கேட்டலாக்கின் முதல் பத்தியைப் பிரித்துப் படிப்பது

ஒவ்வொரு குட்டியின் பக்கத்திலும் மேலே தகப்பனைப் பற்றி நான்கைந்து வரிகள் இருக்கும். பந்தய வயதை எட்டிய ஆண்டுத் தொகுதிகள் எத்தனை, மொத்தக் குட்டிகள் எத்தனை, ஓடியவை, வென்றவை, ஸ்டேக்ஸ் எனப்படும் உயர்தரப் பந்தயம் வென்றவை எத்தனை, எல்லாம் சேர்ந்து சம்பாதித்தது எவ்வளவு என்று வரிசையாகப் போகும். கடைசியில் வரும் கோடிக்கணக்கான டாலர் தொகையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பெரிய குதிரை அதில் பாதியைச் சம்பாதித்திருக்கலாம்.

மற்ற எண்களில் ஒரு கண்ணி இருக்கிறது. "பந்தய வயதை எட்டியவை" என்ற கணக்கில் இந்த ஆண்டு இரண்டு வயதானவையும் அடக்கம். மார்ச், ஏப்ரலில் அவை இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை. உதாரணத்துக்கு இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 4 தொகுதிகள், 400 குட்டிகள், ஓடியவை 230, வென்றவை 150, ஸ்டேக்ஸ் வென்றவை 14. அப்படியே வகுத்தால் 57 சதவீதம்தான் ஓடியிருக்கிறது. இந்த வம்சத்துக்குக் கால் நிற்காது என்று தோன்றும். இந்த ஆண்டுத் தொகுதியைச் சுமார் 100 என்று கழித்து 300ஆல் வகுத்துப் பாருங்கள். 77 சதவீதம் ஓடியிருக்கிறது, பாதி வென்றிருக்கிறது, நூற்றுக்கு நாலரைக்கு மேல் ஸ்டேக்ஸ் வென்றிருக்கிறது. அதே தகப்பன், முற்றிலும் வேறு மதிப்பு. தொகுதிகள் இரண்டு மூன்றே இருக்கும் இளம் பொலிகுதிரைகளிடம் (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண்குதிரைகளிடம்) இந்தத் திருத்தம் செய்யாவிட்டால் கணக்கு முழுதும் தவறிவிடும். 12 தொகுதி கண்ட கிழவர்களிடம் பெரிய வித்தியாசம் வராது.

ஒப்பிட ஓர் அளவுகோல்: அமெரிக்காவில் பிறக்கும் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்துக் குட்டிகளில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு ஒரு முறையாவது பந்தயத்தில் ஓடும், சுமார் பாதி ஒரு முறையாவது வெல்லும், நூற்றுக்கு மூன்று அளவில் ஸ்டேக்ஸ் வெல்லும். நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் நல்ல பொலிகுதிரை. பத்தைத் தொடுபவை மிக அரிது. அவற்றின் குட்டிகளை வாங்க நமக்கு முன்பே பணக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அடுத்து பார்க்க வேண்டியவை இரண்டு குறியீடுகள். சராசரி வருவாய்க் குறியீட்டில் நாட்டுச் சராசரி 1.00. ஒரு பொலிகுதிரைக்கு 1.60 என்றால், அதன் குட்டிகள் சராசரியைவிட 60 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிக்கின்றன. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். உயர்ந்த தாய்க்குதிரைகள் கிடைத்தால் சாதாரணப் பொலிகுதிரைக்கும் நல்ல எண் வரும். அதற்காகத்தான் ஒப்பீட்டுக் குறியீடு என்று இன்னொன்று இருக்கிறது: அதே தாய்க்குதிரைகள் வேறு பொலிகுதிரைகளுக்கு ஈன்ற குட்டிகள் எவ்வளவு சம்பாதித்தன என்பதை அது காட்டும். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் தகப்பன் தாய்மார்களை உயர்த்துகிறான். 1.60க்கு எதிரே 1.90 என்றால், தாய்கள் கொண்டுவந்த தரத்தை அவன் குறைக்கிறான். பளபளப்பான விளம்பரம் உள்ள பல பொலிகுதிரைகள் இந்த ஒரு கணக்கிலேயே உதிர்ந்துவிடும்.

சினையான ஆண்டின் கட்டணம்

ஒரு குட்டியின் தகப்பனுக்கு இன்று வாங்கும் பொலிக் கட்டணத்தை (தாய்க்குதிரையைச் சினைப்படுத்தக் கொடுக்கும் தொகையை) வைத்து அந்தக் குட்டியை மதிப்பிடுவது மிகப் பரவலான தவறு. 2025இல் இரண்டு வயதான குட்டி 2023இல் பிறந்தது. தாய் சினையானது 2022இல். ஆகவே 2022ஆம் ஆண்டுக் கட்டணம்தான் அதற்கு வந்த தாயின் தரத்தைச் சொல்லும். அதிகக் கட்டணம் கொடுப்பவர் நல்ல தாயைத்தான் அனுப்புவார்.

இன்டு மிஸ்சீஃப் இதற்குச் சரியான பாடம். 2009இல் 12,500 டாலரில் தொடங்கி, பிறகு 7,500க்கு இறங்கிய பொலிகுதிரை அது. அந்த மலிவான காலத்துத் தாய்களிடமிருந்தே, முதல் தொகுதியிலேயே, 2013 சான்டா அனிட்டா டெர்பி வென்ற கோல்டன்சென்ட்ஸ் வந்தது. பின்னாளில் கட்டணம் 2,50,000 டாலரைத் தொட்டது. 2019 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் வட அமெரிக்காவின் முதலிடப் பொலிகுதிரையாக நின்றது. சாதாரணத் தாய்களிடமிருந்தே நல்ல குட்டிகளைத் தந்தவன், நல்ல தாய்கள் வந்தபோது எங்கே போனான் பாருங்கள். கட்டணம் ஏறும் பொலிகுதிரையின் புதிய தொகுதி, பழைய எண்கள் காட்டுவதைவிடச் சிறப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. கட்டணம் இறங்கிக்கொண்டிருப்பவனின் மூன்றாம், நான்காம் தொகுதியில் எச்சரிக்கை தேவை. முதல் ஆண்டின் புதுமை போன பிறகு நல்ல தாய்களை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

முதல் தொகுதியின் குட்டிகள்

எண்களே இல்லாத இடம் இது. புதிய பொலிகுதிரையின் குட்டி ஒன்றுகூட ஓடவில்லை. ஆனாலும் இந்த ஏலங்களில் அவற்றுக்குத்தான் ஆசை அதிகம். தகப்பனின் சொந்த ஓட்டத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகம் சில நேரம் பலிக்கும். அங்கிள் மோ 2010இல் பிரீடர்ஸ் கப் ஜுவனைல் என்ற இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பெரிய பந்தயத்தை வென்ற சாம்பியன். அதன் முதல் தொகுதியில் வந்த நைக்விஸ்ட் 2015 மார்ச் ஏலத்தில் 4,00,000 டாலருக்குப் போய், அதே ஆண்டு அதே பந்தயத்தை வென்று, அடுத்த ஆண்டு கென்டக்கி டெர்பியையும் வென்றது.

சில நேரம் ஊகம் தலைகீழாகும். கன் ரன்னர் 2017இல் நான்கு வயதில் ஆண்டின் சிறந்த குதிரையானவன். குட்டிகளும் நிதானமாகத்தான் முதிரும் என்று பலர் ஒதுக்கினார்கள். 2021இல் முதல் தொகுதியிலேயே எக்கோ ஸூலு இரண்டு வயதுப் பெண்குட்டிகளுக்கான பிரீடர்ஸ் கப் பந்தயத்தை வென்றாள். தளத்திலும் இதே வியப்பு நேரும். 2015இல் மண் தளத்தில் மும்மகுடம் வென்ற அமெரிக்கன் ஃபேரோவின் முதல் தொகுதியில் வந்த ஃபோர் வீல் டிரைவ், 2019இல் பிரீடர்ஸ் கப் வென்றது புல் தளத்தில், ஐந்து ஃபர்லாங்கில்.

அதனால் முதல் தொகுதிக் குட்டியை ஒற்றையாகப் பார்க்காதீர்கள். அதே ஏலத்தில் அந்தத் தகப்பனின் குட்டிகள் பத்துப் பதினைந்தாவது இருக்கும். அத்தனையையும் பிரீஸில் பாருங்கள், வாங்கும் எண்ணம் இல்லாதவற்றையும் சேர்த்து. ஏழெட்டு குட்டிகள் தமக்குச் சற்று முன்னும் பின்னும் ஓடியவற்றின் சராசரியைவிட வேகமாக ஓடி, ஓடி முடித்த பிறகும் வேகத்தைத் தக்கவைத்தால், இந்தத் தகப்பன் ஏதோ கொடுக்கிறான் என்று தெரியும். ஒன்று மட்டும் பறந்து மற்றவை தடுமாறினால் அந்த ஒன்றின் வேகம் பெரும்பாலும் தாய்வழி வந்தது. இந்த வேலையைச் செய்பவர் மிகக் குறைவு. பட்டியலில் தாம் குறித்த குட்டி ஓடியதும் எழுந்து போய்விடுகிறார்கள்.

பந்தயத்தில் மிகக் குறைவாக ஓடிய தகப்பனையும் இதே முறையில் எடைபோடுங்கள். நாட் திஸ் டைம் இரண்டு வயதில் நான்கே முறை ஓடி, காயத்தால் ஓய்ந்தவன். 2020இல் அவன் முதல் தொகுதியின் பிரின்சஸ் நூர் ஒகாலாவில் 13.5 லட்சம் டாலருக்குப் போய், டெல் மார் டெபியூடான்ட் என்ற பந்தயத்தை வென்றாள். தகப்பன் ஏன் நின்றான் என்று கேளுங்கள். எலும்பு, மூட்டு அமைப்பால் என்றால் குட்டியின் கால்களை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். தற்செயலான அடி என்றால் அதை வம்சத்தின் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

பிரீஸைப் பார்ப்பது

அமெரிக்காவில் நேரத்தை வினாடியின் ஐந்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள்: 10, 10 1/5, 10 2/5. ஒரு ஃபர்லாங் 660 அடி. 10 வினாடியில் ஓடும் குதிரை வினாடிக்கு 66 அடி போகிறது. ஐந்தில் ஒரு வினாடி என்றால் சுமார் 13 அடி. எதிர்க்காற்று வீசினாலோ, தளம் இளகினாலோ, ஓட்டுபவர் எட்டுப் பத்து கிலோ கூடினாலோ இந்த 13 அடி சுலபமாகப் போய்விடும். ஆகவே ஒரு குட்டியின் நேரத்தை அன்றைய முழு நாளோடு ஒப்பிடாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் அரை மணிக்குள் ஓடியவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள். இடைவேளையில் தளத்தைச் சீர்செய்தபின் ஓடும் முதல் தொகுப்புக்கும், கடைசித் தொகுப்புக்கும் நடுவே தெளிவான வேறுபாடு தெரியும். ஒகாலாவில் தளம் செயற்கையானது, டிமோனியத்தில் மண். இரண்டு ஊர் நேரங்களை ஒரே பட்டியலில் போட்டால் கணக்கு குழம்பிவிடும்.

காணொளியில் எட்டுகளை, அதாவது பாய்ச்சல்களை, எண்ணுங்கள். ஃபர்லாங் கம்பம் முதல் முடிவுக் கம்பம் வரை ஒரே முன்னங்கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி, 660ஐ அதனால் வகுங்கள். 26 என்றால் ஒரு எட்டு 25 அடிக்கு மேல். 29 என்றால் 23 அடிக்குக் கீழ். இரண்டும் ஒரே 10 1/5 நேரத்தில் ஓடியிருக்கலாம். நீண்ட எட்டுக்காரன் நிதானமாக ஓடி அந்த நேரத்தைத் தொட்டிருக்கிறான், குறுகிய எட்டுக்காரன் கால்களை அவசரமாக அடித்துத் தொட்டிருக்கிறான். தகப்பன் வேகக்காரனாக இருந்தால் குறுகிய எட்டை ஏற்கலாம். குறுந்தூரத்தில் அது வெல்லும். ஒன்றேகால் மைல் எதிர்பார்க்கும் தகப்பனின் குட்டி கால்களை அடித்து ஓடினால், தகப்பனிடமிருந்து வர வேண்டியது வரவில்லை. விட்டுவிடலாம்.

கடிகாரத்தை முடிவுக் கம்பத்தில் நிறுத்தாதீர்கள். ஓட்டுபவர் பிடியைத் தளர்த்திய பிறகு அடுத்த ஃபர்லாங்கைக் குட்டி எப்படிக் கடக்கிறது என்பதைத் தனியாகக் குறியுங்கள். முதல் ஃபர்லாங் 10 1/5, இரண்டாவது ஓட்டுபவர் கேட்காமலே 11 1/2 அளவில் என்றால் உள்ளே இன்னும் இருக்கிறது. இரண்டாவது 13க்குப் போய், தலை உயர்ந்து, கால்கள் பக்கவாட்டில் விலகினால், விற்பவர் அந்த 200 மீட்டருக்காகவே பிழிந்து தயார் செய்திருக்கிறார். நீண்ட தூரத் தகப்பனின் குட்டிக்கு இந்த இரண்டாம் ஃபர்லாங்தான் உண்மையான தேர்வு. அதன் முதல் ஃபர்லாங் 10 3/5 ஆனாலும் கவலை வேண்டாம். வேகத் தகப்பனின் குட்டி 10 3/5 ஓடினால் மன்னிக்கக் காரணம் வேண்டும்: வழுக்கியதா, வேடிக்கை பார்த்ததா, வளைவிலிருந்து நேர்பாதைக்கு வரும்போது இடது முன்காலிலிருந்து வலதுக்கு மாறத் தெரியாமல் தடுமாறியதா. காரணம் எதுவும் இல்லையென்றால், வம்சம் தர வேண்டிய ஒரே பொருள் அதனிடம் இல்லை.

பிறந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். வடகோளத்தில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள். ஆனால் ஜனவரியில் பிறந்தது மார்ச் ஏலத்தில் 26 மாதம், மே மாதத்தில் பிறந்தது 22 மாதம். நான்கு மாத வித்தியாசம் அந்த வயதில் மிகப் பெரிது. தாமதமாக முதிரும் தகப்பன், மே மாதப் பிறப்பு, நேரம் 10 2/5, நல்ல இரண்டாம் ஃபர்லாங்: இந்தச் சேர்க்கையை நாங்கள் தேடி அலைவோம். ஏலக்கூடத்தில் இதற்குப் போட்டி குறைவு.

கொட்டடியிலும் எக்ஸ்ரே அறையிலும்

தகப்பனின் மற்ற குட்டிகளைப் பார்த்திருந்தால் உடல் குறைகளுக்கு உண்மையான விலை போடலாம். சில தகப்பன்களின் குட்டிகள் முன்கால் பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி நிற்கும். அப்படியே நின்று பல ஆண்டுகள் ஓடும். அந்த வம்சத்தில் அது குறையாகாது. முழங்கால் பின்னோக்கி வளைந்திருப்பதை மட்டும் எந்த வம்சத்திலும் ஏற்க வேண்டாம். வேகமாக ஓடும்போது முழங்காலின் முன்பக்கச் சிறு எலும்புகள் ஒன்றையொன்று நசுக்கிச் சில்லு பெயர்வதற்கு அது வழிவகுக்கும்.

நிறத்தில் ஏமாறாதீர்கள். டாப்பிட் என்ற பொலிகுதிரையின் குட்டி அப்பனைப் போலவே சாம்பல் நிறமாக இருந்தால் வாங்குபவர்களின் கண் மின்னுகிறது. அது ஒரு நிற மரபணு வந்ததற்கான சான்று மட்டுமே. டாப்பிட்டிடமிருந்து தேட வேண்டியது தூரம்: 2014, 2016, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் ஒன்றரை மைல் பெல்மான்ட் பந்தயத்தை வென்றவை அவன் பிள்ளைகள். சீக்கிரம் சூடாகும் குணமும் அந்த வம்சத்தில் பேசப்படுவது. ஆகவே கொட்டடிக்கு மூன்று வேறு நேரங்களில் போய், வியர்த்து நிற்கிறதா, தீனி தின்கிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்ரே படங்களும் தொண்டை உள்நோக்கிப் படமும் மருத்துவரின் வேலை. ஆனால் அவரிடம் தகப்பனைச் சொல்லிக் கேளுங்கள். முழங்காலுக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு இரண்டு வயதைத் தாண்டிய பிறகே முழுதாக மூடும். மருத்துவர்கள் அதை ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள், ஏ என்றால் மூடிவிட்டது. தாமத வம்சத்துக் குட்டிக்கு சி என்றால் அது இயல்பு. வாங்கி ஓய்வு கொடுத்தால் போதும். அந்த நிலையிலேயே 10 வினாடியில் ஓடவைத்திருந்தால் கணுமூட்டுக்குப் பின்னாலுள்ள சிறு எலும்புகளின் படத்தை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பெரிய உடம்புக் குட்டிகளைத் தரும் தகப்பன் என்றால் தொண்டைப் படத்தை விடாதீர்கள். உயரமான ஆண்குட்டிகளில்தான் இடப்பக்கக் குரல்வளை மடிப்பு செயலிழப்பது அதிகம். நான்கு தரங்களில் முதல் இரண்டு சரி, மூன்றில் விலை பாதியாக வேண்டும், நான்கு வேண்டாம்.

விலை வரம்பு

தகப்பனின் சராசரி ஏல விலையை நம்பாதீர்கள். ஐந்து குட்டிகள் 30, 35, 40, 50, 600 ஆயிரம் டாலருக்குப் போனால் சராசரி 151 ஆயிரம், நடுவிலை 40 ஆயிரம். நீங்கள் வாங்கப்போவது நடுவில் உள்ளதைப் போன்ற ஒன்றுதான். அதோடு, பட்டியலில் இருந்து விலக்கப்பட்டவற்றையும் விற்பவர் கேட்ட விலை கிடைக்காமல் திரும்பியவற்றையும் எண்ணுங்கள். சராசரியில் இவை வராது. ஒரு தகப்பனின் 30 குட்டிகளில் 12 பிரீஸுக்குப் பின் விலகினால் காரணம் விசாரிக்க வேண்டும். சில தனி விற்பனையில் போயிருக்கும், மற்றவை கால் வலியோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

நடுவிலையில் தொடங்கி, தகப்பனின் எதிர்பார்ப்பை மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூட்டுங்கள், தவறிய ஒவ்வொன்றுக்கும் கழியுங்கள். வரும் எண்ணைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவிட்டு ஏலக்கூடத்துக்குள் போங்கள். உள்ளே போன பிறகு அந்த எண் ஏறக் கூடாது.

வாங்கிய பிறகும் தகப்பனைப் பற்றிய உங்கள் குறிப்பு அட்டை வேலை செய்யும். வேக வம்சத்துக் குட்டியைச் சில வாரங்கள் காலாறவிட்டு, கோடையில் சரடோகா மைதானத்தின் ஐந்தரை ஃபர்லாங் பந்தயங்களுக்குத் தயார் செய்யலாம். அதன் காலம் அதுதான். தாமத வம்சத்துக்கு 60 நாள் புல்வெளி, பிறகு இலையுதிர் காலத்தில் மெல்ல வேலை. மேஜ் என்ற குட்டி 2022 மே மாதம் டிமோனியத்தில் 2,90,000 டாலருக்கு விற்றது. அதன் தகப்பன் குட் மேஜிக் இரண்டு வயதில் பிரீடர்ஸ் கப் ஜுவனைல் வென்றவன். தகப்பனின் தகப்பன் கர்லின் என்ற குதிரையோ இரண்டு வயதில் ஓடவே இல்லை. 2007 பிப்ரவரியில்தான் முதல் பந்தயம். மேஜும் இரண்டு வயதில் ஒரு பந்தயமும் ஓடவில்லை. 2023 ஜனவரி இறுதியில் முதல் முறை ஓடி, மே மாதம் தன் நான்காவது பந்தயத்தில் கென்டக்கி டெர்பி வென்றது. உங்கள் அட்டையில் தகப்பனுக்குக் கீழே தாத்தாவுக்கும் ஒரு வரி விட்டுவையுங்கள்.